மருந்து டப்பாவிலிருந்து சொதிக்கு

மருந்து டப்பாவில் இருக்கும்வரை பெருஞ்சீரகம் சைவம். அம்மியில் ஏறிவிட்டால் அசைவம். திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டில் ஆச்சி வைத்திருந்த சட்டம் இது. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் மீறிய எவரும் அந்த வீட்டில் அன்றைக்கு நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றதில்லை.

சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், வசம்பு ஆகியவற்றோடு டப்பாவின் ஒரு மூலையில் சின்னத் துணி முடிச்சாகப் பெருஞ்சீரகமும் கிடக்கும். கைப்பிள்ளைக்கு வயிறு உப்பிக்கொண்டால் முடிச்சு அவிழும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் போதவில்லை என்றாலும் அவிழும். கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரை ஆச்சி தன் கையாலேயே புகட்டுவாள். அப்போது அந்த வாசத்தை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அதே விதையைப் பட்டை கிராம்போடு தேங்காய் வைத்து அரைத்தால் மட்டும் "கவுச்சி வாடை" வந்துவிடும். கறிக்குழம்பு வைக்கிறவர்கள் இதைத்தான் அரைக்கிறார்கள், ஆகையால் இதுவும் கறிதான் என்பது ஆச்சியின் தர்க்கம். நாட்டில் இதைவிடப் பெரிய காரியங்களெல்லாம் இதே தர்க்கத்தில் நடப்பதைப் பார்த்துவிட்ட பிறகு, ஆச்சியை மட்டும் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பின்தெருவில் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் சால்னாவுக்கு வதக்க ஆரம்பிப்பார்கள். ஆச்சி எழுந்துபோய்ப் புறவாசல் கதவைச் சாத்துவாள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று அப்பாவுக்குப் பெருமை.

ரத வீதியில் தள்ளுவண்டியில் மசால்வடை போடுவார்கள். கடலைப்பருப்பை ஒன்றிரண்டாக அரைத்து, வெங்காயமும் பெருஞ்சீரகமும் சேர்த்துத் தட்டிப் போட்ட வடை. கடிக்கும்போது விதை ஒன்று பல்லிடுக்கில் சிக்கும். அந்த விதைதான் வினை. வீட்டுக்கு வரும் வழியில் என்னதான் வாய் கொப்பளித்தாலும், வெகு நேரம் கழித்து ஏதோ ஒரு கணத்தில் அது தானாக நழுவி வந்து மணக்கும். "ஏல, இங்க வா, ஊது" என்பாள் ஆச்சி. போக்குவரத்துப் போலீஸ் கையில் அதற்கென்று ஒரு கருவி வருவதற்கு வெகு காலம் முன்பே எனக்கு அந்தப் பரிசோதனை பழக்கம்.

புறவாசலில் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. கிணற்றடியில் கொஞ்சம் கீரை, வேலியில் ஒரு பிரண்டை. அதைத் தோட்டம் என்று யாரும் சொன்னதில்லை, புறவாசல்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர் தன்போக்கில் ஓடி எந்தச் செடியைத் தொட்டதோ அது வளர்ந்தது. அவ்வளவுதான் நீர்ப்பாசனம். பெருஞ்சீரகத்துக்கு அந்த நிலத்தில் இடமில்லை. அது குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்து, ஊஞ்சா சந்தையில் கைமாறி, மூட்டையில் தெற்கே வரும் சரக்கு. பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்துக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வருகிற பையனிடம், "மருந்துக்குத்தானே?" என்று எதிர்வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

இப்போது நான் இருப்பது கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் ஊரில். வீட்டுக்குப் பின்னால் எனக்கு உள்ளதைப் புறவாசல் என்று சொன்னால் செலவு கணக்குக்குப் பொருந்தாது. அது கிச்சன் கார்டன். ரெட்வுட் பலகை அடித்து உயர்த்திய பாத்தி. இந்த ஊர்க் களிமண் மழைக்காலத்தில் செருப்பை விடாது, கோடையில் கடப்பாரையை உள்ளே விடாது. ஆகவே மண்ணைக் கடையில் மூட்டையாக வாங்கினேன். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், மண்ணைக் காசு கொடுத்து, ரசீது போட்டு வாங்கினேன். எரு இன்னொரு மூட்டை. சொட்டுநீர்க் குழாய், அதைத் திறந்து மூட டைமர், டைமரைக் கண்காணிக்கச் செல்போனில் ஒரு ஆப். இத்தனை ஏற்பாட்டோடும் நான் விளைவித்த பயிர், பெருஞ்சீரகம்.

விதைக்கானது அல்ல, இது இத்தாலிக்காரர்கள் காயாகச் சமைக்கிற ஃபிளாரன்ஸ் ரகம். இலைக்காம்புகளின் அடிப்பாகம் தடித்து, ஒன்றையொன்று தழுவி, மண்ணுக்கு மேலேயே வெள்ளையாகத் திரண்டு உட்காரும். தாமஸ் ஜெஃபர்சனுக்கே இந்த விதை 1824-ல் இத்தாலியிலிருந்துதான் வந்தது. லிவோர்னோ துறைமுகத்தில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த தாமஸ் ஆப்பிள்டன் அனுப்பிவைத்தார். எனக்குத் தபாலில் வந்தது. இதன் ஆணிவேர் இடம் மாறுவதைப் பொறுக்காது. நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற வேலையெல்லாம் கூடாது, இருக்கப்போகிற இடத்திலேயே விதைக்க வேண்டும். இளவேனிலில் போட்டால், பகல் நீள நீள, திரளாமல் நேரே பூவுக்குப் போய்விடும். ஆகஸ்ட் கடைசியில் போட்டால் நவம்பர் குளிரில் நன்றாகத் திரளும். கோழிமுட்டை அளவு வந்ததும் மண் அணைக்க வேண்டும் என்று விதைப் பாக்கெட்டில் போட்டிருந்தது. நான் எங்கள் குல வழக்கப்படி எலுமிச்சை அளவில் அணைத்தேன்.

இதில் வேடிக்கை, என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அலமேடா ஓடைக் கரை நெடுகிலும், ரயில் பாதை ஓரத்திலும் பெருஞ்சீரகம் யாரும் விதைக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, எப்போதோ குடியேறியவர்களோடு வந்து, இங்கேயே தங்கிவிட்டது. இந்த மாநிலத்தில் அதற்குக் களை என்று பெயர். 2015 ஏப்ரலில், வறட்சியின் உச்சத்தில், நகரங்கள் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் புல்தரைகள் எல்லாம் பழுத்துப் போயின. ஷவரில் வெந்நீர் வரும்வரை வீணாகிற தண்ணீரை வாளியில் பிடித்து, மாடியிலிருந்து சுமந்து, பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். ரயில் பாதை ஓரத்துப் பெருஞ்சீரகம் ஒருவரிடமும் ஒரு சொட்டு கேட்காமல் மஞ்சளாகப் பூத்து நின்றது. சான்டா பார்பராவுக்கு எதிரே கடலுக்குள் சான்டா குரூஸ் தீவு இருக்கிறது. அந்த மண்ணின் சொந்தச் செடிகள் தழைக்கட்டும் என்று, அங்கே மேய்ந்த ஆடுமாடுகளை 1980களில் அப்புறப்படுத்தினார்கள். தழைத்தது பெருஞ்சீரகம்.

இப்படி இருக்கையில்தான் ஒரு ஜூன் மாதம் அம்மா வந்தாள். ஆச்சிக்கு மருமகளாக வந்து, ஆச்சியின் சட்டத்தை ஆச்சியைவிடக் கறாராக நடத்தியவள். ஓடைக்கரையில் நடக்கப் போனோம். அம்மா சட்டென்று நின்றாள். ஒரு கிளையை வளைத்து, மயிரிழை மயிரிழையாகப் பிரிந்த இலையைக் கசக்கி முகர்ந்தாள்.

"ஏல, இது பெருஞ்சீரகம்லா!"

"ஆமாம்மா."

"சும்மா கெடக்கு! ஒருத்தரும் பறிக்க மாட்டாவளா?"

நாய் கால் தூக்கியிருக்கும், களைக்கொல்லி அடித்திருப்பார்கள் என்றேன். காதில் வாங்கவில்லை. அந்தக் கரையிலேயே ஹெம்லாக் என்ற விஷச்செடியும் வளரும். சாக்ரடீஸுக்குக் கொடுத்தது அதுதான் என்பார்கள். பூ வெள்ளை, தண்டில் செவ்வூதாப் புள்ளி இருக்கும், கசக்கினால் பெருஞ்சீரக வாசம் வராது. இருந்தாலும் இளசாக நிற்கும்போது தூரத்துப் பார்வைக்கு இரண்டும் ஏமாற்றும். இதைச் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள். "அப்ப நம்ம வீட்ல எதுக்குக் காசு போட்டு வளக்க?" என்றாள். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில், நம்முடையது ஆர்கானிக் என்பது. நாய் வராத ஓடைக்கரை என்றுதான் அம்மா அதை எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

பாத்தியில், முந்தின வருஷம் பிடுங்காமல் விட்ட செடிகள் பூத்து நின்றன. அவற்றில் புழு. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, பட்டைமேல் மஞ்சள் புள்ளி, விரல் நீளம். அனிஸ் ஸ்வாலோடெயில் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே வரும். கூடவே காறிப்போன வெண்ணெய் நாற்றம். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுக் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தின்னும். அம்மாவின் பேத்தி அதைப் பெட்டியில் வைத்து வளர்க்க வேண்டும் என்றாள். நான் நசுக்கலாம் என்றேன். அம்மா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. உயிரைக் கொல்லவும் கூடாது, சிறை வைக்கவும் கூடாது. ஆகவே நான் மூட்டை மண்ணும் டைமர் தண்ணீரும் போட்டு வளர்த்த பயிரை அது முழுச் சுதந்திரத்தோடு தின்றது. நத்தைகளுக்கும் அதே நீதி. இந்தத் தோட்டத்து நத்தை 1850களில் ஒரு பிரெஞ்சுக்காரர் தின்பதற்கென்று கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த இனம் என்கிறார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

புழு விஷயத்தில் அம்மாவுக்கு ஒரு பேராசிரியரின் துணையும் இருந்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஷப்பீரோ பல பத்தாண்டுகள் கலிபோர்னியா வண்ணத்துப்பூச்சிகளைத் தொடர்ந்து கணக்கெடுத்தவர். இந்த மாநில நகரங்களில் பறக்கிற வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் வந்தேறிச் செடிகளை நம்பித்தான் இனம் பெருக்குகின்றன என்று எழுதினார். களை என்று பிடுங்கி எறிகிற பெருஞ்சீரகம் போய்விட்டால், பல இடங்களில் இந்தப் பூச்சியும் கூடவே போய்விடும். ஓடைக்கரைக்கு மருந்தடிக்கும் தெருவிலேயே சிலர் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்று பலகை வைத்து, நர்சரியில் பெருஞ்சீரகச் செடி வாங்கி நடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: மழைக்குப் பிறகு அவருடைய கூழாங்கல் பாத்தியெங்கும் சின்னச் சின்ன இலையாக ஏதோ முளைத்திருக்கிறதாம், பிடுங்கப் பிடுங்க வருகிறதாம், அது எங்கள் பக்கத்துச் சமாசாரமாக இருக்குமோ என்று சந்தேகமாம். வாசம்கூட ஒரு மாதிரி இருக்கிறதாம். அவர் என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டாள். பெருஞ்சீரக வாடை அவருக்கு ஆகவில்லை என்றேன். "அவுகளும் சைவமா?" என்றாள். அவர் வாரா வாரம் அந்த வேலிப் பக்கத்திலேயே அடுப்புப் போட்டு மாட்டிறைச்சி வாட்டுகிறவர். சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லாதவை அந்த ஆறு மாதத்தில் நிறையச் சேர்ந்துவிட்டன.

பூவைப் பற்றி ஒன்று. பெருஞ்சீரகப் பூவை வெட்டி உலர்த்தி உதிர்த்த மஞ்சள் பொடியை மகரந்தம் என்று சின்னக் குப்பியில் விற்கிறார்கள், இத்தாலியச் சமையலுக்கு. ஒரு குப்பியின் விலை, பள்ளிக்கூட வாத்தியாராக என் அப்பா வாங்கிய முதல் மாதச் சம்பளத்தைவிட அதிகம். ரயில் பாதை ஓரத்தில் காற்றடித்தால் அது சட்டையில் ஒட்டுகிறது.

செப்டம்பரில் விதை எடுத்தோம். குடைபோல விரிந்த பூங்கொத்து முழுவதும் ஒரே சமயத்தில் முற்றாது. பச்சை மாறி லேசாக மஞ்சள் காட்டும்போது காம்போடு வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும், நிழலில்தான் காய வேண்டும். பேத்தியும் அம்மாவும் பையை உலுக்கி, முறத்துக்குப் பதிலாக ஒரு பீட்சா தட்டில் புடைத்து, கடைசியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலின் பாதிக்கு வந்தது. மண் மூட்டை, பலகை, டைமர், தண்ணீர் பில் எல்லாவற்றையும் கூட்டி, அந்தப் பாதிப் பாட்டிலால் வகுத்துப் பார்க்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. மனைவி பார்த்தாள். விடையை அவள் வாய்விட்டுச் சொல்லாதது அவள் பெருந்தன்மை.

நவம்பரில் பாத்தியில் வெள்ளையாகத் திரண்டவற்றைப் பறித்தோம். அம்மா ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "முட்டைக்கோசுக்கும் வெங்காயத்துக்கும் பொறந்தது மாதிரி இருக்கு" என்றாள். வெளி மடலை உரித்து, அடித்தண்டின் கட்டியை நீக்கி, நீளவாக்கில் மெல்லிசாக அரிந்தாள். கடுகு, உளுந்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, மூடிபோட்டு வேகவைத்து, தேங்காய்ப்பூ தூவி இறக்கினாள். பொரியல். பெருஞ்சீரக வாசத்துக்குக் காரணம் அனெத்தோல் என்கிற எண்ணெய்ப் பொருள், அன்னாசிப்பூவில் இருப்பதும் அதுவேதான். விதையில் தூக்கலாக இருக்கும், இந்தத் திரட்சியில் குறைவு. வேக வேக இன்னும் அடங்கி, இனிப்புதான் மிஞ்சும். அம்மாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. தட்டில் வைத்துச் சாப்பிட்டாள், இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள், "காய்தானே" என்றாள். ஐம்பது வருஷச் சட்டம் அத்தோடு திருத்தப்பட்டது. இலையை ஆய்ந்து, உளுந்தும் புளியும் வைத்து ஒரு துவையல் அரைத்தாள். கொத்தமல்லித் துவையல் பக்கத்தில் வைத்தால் கொத்தமல்லிக்குத்தான் சங்கடம்.

அதோடு நின்றிருக்கலாம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஊரே வான்கோழி வாட்டுகிற அன்றைக்கு எங்கள் வீட்டில் சொதி. திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீட்டில் சொதி என்றால் சாதாரணக் குழம்பில்லை, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற விருந்து. தேங்காயைப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து, தண்ணீர்ப் பாலில் காயை வேகவைத்து, பாசிப்பருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிந்து, இஞ்சித் துவையலோடும் உருளைக்கிழங்கு சிப்ஸோடும் இலையில் வைப்பார்கள். அதில் மசாலாப் பொருள் என்று எங்கள் வீட்டில் எதுவும் அண்டியதில்லை. அன்றைக்கு முருங்கைக்காய் கிடைக்கவில்லை, உறைந்த பாக்கெட்தான் இருந்தது. அம்மா அதைத் தொட மறுத்துவிட்டு, பாத்தியிலிருந்து இரண்டு பெருஞ்சீரகத்தைப் பறித்துவரச் சொன்னாள். கட்டை விரல் கனத்துக்கு அரிந்து மூன்றாம் பாலில் போட்டாள்.

நன்றாகத்தான் இருந்தது. தேங்காய்ப்பாலின் மென்மைக்கும் அதன் இனிப்புக்கும் சண்டையே இல்லை. சொதிக்குள் அது முந்தியே இல்லாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். காரைக்குடி நண்பர் ஒருவர், ஆட்டுக்கறியிலேயே வளர்ந்த நாக்கு, இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டு மூக்கைச் சுருக்கினார்.

"அம்மா, சோம்பு வாசம் அடிக்குதே?"

"சோம்பா? நம்ம வீட்லயா?" என்றாள் அம்மா. "அது காய் வாசம் தம்பி. நல்லா ஊத்திச் சாப்பிடுங்க."

டிசம்பரில் ஊருக்குத் திரும்பும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் விதையை வறுத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனாள். தெருவில் எல்லோருக்கும் அமெரிக்கப் பெருஞ்சீரகம் கொடுத்தாளாம். இரண்டு வீடுகளில் வெற்றிலையோடு மென்று பார்த்துவிட்டு, நம் ஊருடையது போல் வருமா என்றார்களாம். குஜராத்காரர்கள் கேட்டால் மகிழ்ந்துபோவார்கள்.

ஊர் வீட்டின் முன்பகுதியை இப்போது ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மரக்கறி மட்டும் என்பது நிபந்தனை. காளான் பிரியாணி, கோபி மஞ்சூரியன், பரோட்டாவுக்குக் காய்கறிச் சால்னா. பட்டை உண்டு, கிராம்பு உண்டு, சோம்பு உண்டு, கறி மட்டும் கிடையாது. சால்னா வாசம் வீட்டுக்குள் வரவில்லையா என்று கேட்டேன். வாடகை ஒன்றாம் தேதியே வந்துவிடுகிறது என்று பதில் வந்தது.

அடுத்த வருஷம் மழை பிடிக்கிற நேரத்தில் போன் செய்தபோது, புறவாசலில் பெருஞ்சீரகம் போட்டிருப்பதாகச் சொன்னாள். அந்தக் காய் ரகம் நம் வெயிலுக்குத் திரளாதே, விதை யார் கொடுத்தார்கள் என்றேன்.

"யாரு குடுக்க? கடைல பத்து ரூபாப் பாக்கெட்டு. சால்னாவுக்கு வாங்கி வச்சிருந்ததுல மிச்சம்னு கடைக்காரப் பையன் குடுத்தான். போட்டேன், மொளைச்சுட்டு. திரளலன்னா என்ன, எல வரும்லா, தொவையலுக்கு ஆச்சு."

"தண்ணி?"

"பாத்திரம் கழுவுத தண்ணிதான். வேறென்ன, ஒனக்கு மாதிரி கெடிகாரமா வைக்கணும்?"